சிவப்புச் சட்னி அரைப்பதற்கு முன்

என் சட்டைப் பையில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கூடு இருக்கும். உள்ளே கண்ணாடி கிடையாது. ஒரு சின்ன மருந்துக் குப்பி, இரண்டு சிரிஞ்சு, எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு. அலுவலகத்தில் யாராவது, "என்னங்க, கண்ணாடி போட ஆரம்பிச்சுட்டீங்களா?" என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவேன். விளக்கிச் சொல்லத் தெம்பு இல்லை.

என் மகளுக்கு நிலக்கடலை ஆகாது. சின்ன வயதில் ஒரு கடலை உருண்டையைக் கடித்து உதடு வீங்கியபோது அது தெரிந்தது. கடலை விளைகிற சீமையில், கடலை எண்ணெயில் சமைக்கிற வீட்டில் பிறந்தவளுக்கு இப்படி ஓர் உடம்பு. வீட்டில் எண்ணெயை மாற்றினோம். பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்தோம். விசேஷ வீடுகளில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டோம். அப்படியே அவளுக்குப் பதினாறு முடிந்து பதினேழும் ஆகிவிட்டது. இத்தனை வருடம் ஓட்டிவிட்டோம் என்கிற தைரியம்தான் எங்களைக் கவிழ்த்தது.

அன்னூரில் என் மனைவியின் அண்ணன் புது வீடு கட்டிக் குடிபுகுந்தார். மதியப் பந்தி. நானும் மகளும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தோம். கத்தரிக்காய்க் குழம்பு கெட்டியாக, எண்ணெய் மிதக்க வந்தது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பந்தியைப் பார்த்துக்கொண்டிருந்த மச்சானைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஏனுங்க மச்சான், இதுல கடலை ஏதாச்சும் அரைச்சு ஊத்தியிருக்காங்களா?"

அவர் என் தோளில் கை வைத்தார். "அட, நம்ம ஊட்டுச் சாப்பாடுங்க மாப்பிள்ளை. ஒண்ணும் ஆகாதுங்க. அம்மணி, நீ சாப்புடு கண்ணு."

சமையல் நடந்த கொட்டகை பந்திக்குப் பின்னால் இருபது அடி தூரம். எழுந்து போய்ச் சமையல்காரரைக் கேட்டிருக்கலாம். இலையில் உட்கார்ந்தவன் பாதியில் எழுந்து போய் அண்டாவை எட்டிப் பார்த்தால், வீட்டுக்காரர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார்? அதை நினைத்து உட்கார்ந்திருந்தேன். மகள் என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டல் இன்னும் என் கழுத்தில் இருக்கிறது.

பாயசம் வருவதற்குள் அவள் குரல் மாறிவிட்டது. அதற்கு மேல் எழுத இப்போதும் கை வரவில்லை. அன்னூரிலேயே ஓர் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், அதனால் இருக்கிறாள். பிறகு ஆம்புலன்ஸில் கோயம்புத்தூர், இரண்டு நாள். அங்கே டாக்டர் கேட்டார்.

"நீங்க விசாரிக்கலையா?"

"விசாரிச்சேனுங்க."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னாங்க."

அவர் குனிந்து எழுத ஆரம்பித்தார். மச்சான் வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்று அழுதார். அவரைக் கோபித்துக்கொள்ள என்னால் முடியவில்லை. நான் கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை, வாழ்த்துச் சொன்னார். எங்கள் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான். நானும் அப்படித்தான் என்பது பின்னால் தெரிந்தது.

ஊசி போடும் முறையை எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டில் சாத்துக்குடியில் குத்திக் குத்திப் பழகினேன். தட்டில் இருந்த சாத்துக்குடிகள் எல்லாம் கசிந்தன. இத்தனையா குத்தினேன் என்று எனக்கே சந்தேகம் வரும். அடுத்த இரண்டு மாதம் வெளியே ஒரு வாய் சாப்பிடவில்லை. மனைவி சமைக்கும்போது பின்னாலேயே நின்று பாக்கெட்டுகளைத் திருப்பித் திருப்பிப் படிப்பேன்.

"ஏனுங்க, உப்புப் பாக்கெட்டக் கூடவா படிக்கோணும்?" என்பாள். கோபமாகச் சொல்லக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை.

மகள் பன்னிரண்டாம் வகுப்பு. திருச்சியில் ஒரு கல்லூரியில் சேர வேண்டும் என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அங்கே போனால் விடுதி, விடுதிச் சாப்பாடு. அந்தப் பேச்சு எழுந்தால் நான் அறையை விட்டு எழுந்து போய்விடுவேன். அதற்கான நுழைவுத் தேர்வு விண்ணப்பத்தை அச்செடுத்து என் மேஜை மேல் வைத்திருந்தாள். அதன் மேல் செய்தித்தாளை வைத்து மூடியிருந்தேன். அவள் அதை எடுத்து மறுபடி மேலே வைப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னாள். "எங்கயாச்சும் போய் உக்காரணும்ப்பா. சாப்பிடக்கூட வேண்டாம். ஒரு மேஜை, ஒரு மெனு கார்டு, அவ்வளவுதான்."

அவளே இடத்தையும் சொன்னாள். எங்கள் தெருவை அடுத்த தெருவில், லேத் பட்டறைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் ஒரு சீனக் கடை. மாலை ஐந்து மணிக்குத் திறப்பார்கள். நான்கு மேஜை, சுவரில் ஒரு சிவப்புக் காகித விளக்கு, வாசலோரம் அடுக்கடுக்காக ஆவி விடுகிற அலுமினியப் பாத்திரம். கொழுக்கட்டை மாதிரி ஆவியில் வேகிற மோமோதான் பிரதானம். "அங்க எல்லாமே ஆவில வேகறதுதான்ப்பா. எண்ணெயே கிடையாது" என்றாள்.

கடையை நடத்துகிறவர் கல்கத்தாவில் பிறந்து வளர்ந்த சீனக் குடும்பத்துப் பெண். நாற்பதைத் தாண்டியிருப்பார். சென்னையில் ஒரு பியூட்டி பார்லரில் பல வருடம் வேலை பார்த்துத் தமிழ் கற்றவர். அதனால் யாராக இருந்தாலும் நீ, வா, போ என்றுதான் பேசுவார். கணவர் டார்ஜிலிங் பக்கத்துக்காரர். உள்ளே மோமோவுக்கு மாவுத் தோல் தேய்த்துக்கொண்டிருப்பார், வெளியே வருவதில்லை.

மூவரும் போய் உட்கார்ந்தோம். நான் கூட்டை மேஜை மேல் வைத்துவிட்டு, எங்கள் ஊர் வழக்கப்படி சுற்றி வளைத்து ஆரம்பித்தேன்.

"ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. ஒரு சின்ன விஷயமுங்க. எங்க பொண்ணுக்கு உடம்பு கொஞ்சம்..."

"என்ன வேணும், சொல்லு."

"நெலக்கடலை ஆகாதுங்க. இதுல ஏதாச்சும் கடலை..."

"இருக்கு."

நான் அந்த வார்த்தையை எதிர்பார்க்கவில்லை.

"சிவப்புச் சட்னில இருக்கு. அரைச்சுப் போடறோம். அதே கரண்டி, அதே கை, அதே மேஜை. உன் பொண்ணுக்கு இங்க ஒண்ணும் கிடையாது. எழுந்திரு."

"சட்னி இல்லாம, ஆவில வேகறது மட்டும்..."

"ஒட்டியிருக்கா ஒட்டலையா, எனக்குத் தெரியாது. தெரியாததை நான் குடுக்க மாட்டேன்."

பக்கத்து மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த லேத் பட்டறைக்காரர் எங்களுக்காகப் பரிந்து பேசினார். "ஏம்மா, கொஞ்சம் மரியாதையாப் பேசுனா உங்க கொழுக்கட்டை வேகாதுங்களா?"

"மரியாதை தனி பிளேட். உனக்கு ஒண்ணு போடவா?"

"வேண்டாமுங்க சாமி. இதுவே செரிக்க மாட்டீங்குது."

வெளியே வந்தோம். தெருவில் நாலடி நடந்ததும் மகள் சிரிக்க ஆரம்பித்தாள். "அப்பா, நம்மள எழுப்பி அனுப்பிட்டாங்கப்பா!" ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. மனைவியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை வருடத்தில் நான் கேட்ட கேள்விக்கு, 'இருக்கு' என்று ஒருவர் நேராகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"ஏய், நில்லு!"

திரும்பினால் அந்தம்மா வாசலில் நிற்கிறார், கையில் என் கூடு. மேஜை மேலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். மகளின் உயிரையே மறந்து வைத்த மாதிரி இருந்தது. மகள் என்னைப் பார்த்தாள். அந்தம்மா கூட்டைத் திறந்து பார்த்திருந்தார்.

"ஊசி எதுக்கு?"

சொன்னேன். அன்னூரையும் சொன்னேன். ஏன் அவ்வளவும் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் கூட்டை மூடி என் கையில் கொடுத்தார்.

"திங்கக்கிழமை கடை லீவு. எல்லாம் வெந்நீர்ல கழுவுவோம். செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு வா. முதல் அடுக்கு உன் பொண்ணுக்கு. அதுக்கப்புறம்தான் சட்னி அரைப்பேன்."

அப்படித்தான் எங்கள் செவ்வாய்க்கிழமைகள் ஆரம்பித்தன. நான் அலுவலகத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு வருவேன். கதவு பாதி சாத்தியிருக்கும். நாங்கள் உட்கார்ந்ததும், கேட்காமலே ஒப்பிப்பார். "மாவு அதே மாவு. கோழி அதே கடை. சாஸ் பாட்டில் புதுசு, நீயே லேபிள் படி." பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டு, படித்து முடிக்கும் வரை நிற்பார். பிறகு மூடியைத் திறப்பார். முகத்தில் அடிக்கிற ஆவி, முட்டைக்கோஸ், இஞ்சி வாசனை.

மகள் சாப்பிடுவாள். நான் சாப்பிட மாட்டேன். சுவர்க் கடிகாரத்தையும் அவள் உதட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பேன். இருபது நிமிடம் போன பிறகுதான் என் தட்டைத் தொடுவேன். அதற்குள் தோல் ஆறி விறைத்து ரப்பர் மாதிரி ஆகியிருக்கும்.

"நீ மோமோ சாப்பிட வர்றியா, உன் பொண்ணு மூஞ்சியைச் சாப்பிட வர்றியா?" என்று அந்தம்மா கேட்பார்.

"மூஞ்சியத்தாங்கக்கா. வீட்லயும் அதே மெனுதான்" என்பாள் மகள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு செவ்வாய்க்கிழமை. காலையிலேயே விண்ணப்பத்துக்காக வீட்டில் பேச்சு முற்றியிருந்தது. "முடியாதுன்னாவது சொல்லுங்கப்பா" என்று கேட்டுவிட்டு அவள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். நான் நனைந்து, தலைவலியோடு கடைக்கு வந்தேன். மனைவியும், பள்ளிக்கூடம் விட்டு நேராக வந்த மகளும் எனக்கு முன்பே அங்கே இருந்தார்கள். உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது.

அன்றைக்கு அந்தம்மா தனியாக இருந்தார். கணவர், ஊரில் ஒரு சாவு என்று முதல் நாளே ரயில் ஏறிவிட்டாராம். முழங்கை வரை ஈரம். பாத்திரம் எல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தது. அடுக்கில் ஆவி வந்துகொண்டிருந்தது. ஆனால் அவர் வழக்கம்போல ஒப்பிக்கவில்லை. எப்போதும் நேராகப் பார்க்கிறவர் அன்றைக்குத் தரையைப் பார்த்தார்.

"தோல் நான் தேய்க்கலை. வேற கடையிலேர்ந்து வாங்கினேன். அவங்க எந்த மேஜையில தேய்ச்சாங்க, பக்கத்துல என்ன இருந்துச்சு, தெரியாது."

மத்தியானத்திலிருந்து ஒற்றை ஆளாக அவ்வளவையும் கழுவி வைத்திருக்கிறார். எங்களுக்காக. அந்த முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. அந்தச் சங்கடத்தைத் தீர்த்துவிட வேண்டும் என்று மட்டும்தான் தோன்றியது. வாய் தானாகச் சொன்னது.

"பரவாயில்லீங்க. வெறும் மாவுதானுங்க. ஒண்ணும் ஆகாதுங்க."

மனைவி தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தாள். நான் சொன்னது எனக்கே பிறகுதான் கேட்டது. அதே வார்த்தை, அதே குரல், அன்னூர்ப் பந்தியில் என் தோளில் விழுந்த அதே கை. மகள் என் முகத்தைப் பார்த்தாள். அன்றைக்கு இலையிலிருந்து பார்த்த மாதிரியே பார்த்தாள். ஆனால் இந்தத் தடவை என் தலை ஆடுவதற்காக அவள் காத்திருக்கவில்லை.

"அக்கா, தெரியாதுன்னா எனக்கு வேண்டாங்கக்கா. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் குடுங்க. அடுத்த வாரம் நீங்க தேய்க்கும்போது எனக்குப் போடுங்க."

"சரி" என்றார் அந்தம்மா. அவ்வளவுதான். அவர் முகம் ஒன்றும் கோணவில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் தெளிந்தது.

பிறகு மகள் என் பக்கம் கையை நீட்டினாள். "கூட்டைக் குடுங்கப்பா."

"எதுக்கு கண்ணு?"

"இனிமே எங்கிட்ட இருக்கட்டும்."

"உனக்குப் போடத் தெரியாது."

"தெரியும். நீங்க ஆபீஸ் போன பின்னாடி அந்தச் சாத்துக்குடியெல்லாம் யாரு குத்துனதுன்னு நெனச்சீங்க?"

மனைவி மேஜையைப் பார்த்துக்கொண்டே, "நாந்தான் புடிச்சுக் குடுத்தேன்" என்றாள்.

கொடுத்தேன். அதை அவள் பள்ளிக்கூடப் பையின் முன் அறையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். அந்தம்மா என் முன்னால் தட்டை வைத்தார். கடிகாரத்தைப் பார்க்க வேண்டிய வேலை அன்றைக்கு இல்லை. அந்தக் கடையில் நான் சூடாகச் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. நாக்கு சுட்டுவிட்டது. மகள் எதிரில் உட்கார்ந்து, ஒன்றும் சாப்பிடாமல், மெனு கார்டை முதலிலிருந்து கடைசி வரை படித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

இரண்டு வாரமாகிறது. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். தைரியம் வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். இப்போதும் நாளுக்குப் பத்துத் தடவை கை சட்டைப் பைக்குப் போய் வெறுமையைத் தடவிவிட்டு வருகிறது. தூக்கமும் திரும்பவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மச்சான் போன் செய்தார். அன்னூருக்கு எங்களைக் கூப்பிட அவருக்கு இத்தனை நாள் வாய் வரவில்லை. சுற்றிச் சுற்றி மழையைப் பற்றியே பேசிவிட்டு, "அம்மணி ஒரு நா வந்துட்டுப் போனா மனசுக்கு ஆறுதலா இருக்குமுங்க மாப்பிள்ளை" என்றார். பேசுவது எல்லாருக்கும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டேன். மகள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"வாரேனுங்க மாமா. அன்னிக்கு என்ன சமைப்பீங்க? அதுல கடலை இருக்குமா, இருக்காதா?"

"நம்ம ஊட்டுல உனக்கு என்ன கண்ணு..." என்று ஆரம்பித்தார்.

"இல்லீங்க மாமா. இருக்கு, இல்லை, தெரியாது. மூணுல ஒண்ணு சொல்லுங்க. எதுவா இருந்தாலும் நான் வாரேன். சாப்பாடு வேணும்னா கையில கொண்டாந்துக்கறேன்."

கோபித்துக்கொள்வாரோ என்று எனக்குப் பயம். வழக்கம்போல ஏதாவது சொல்லிச் சமாளிக்க வாயைத் திறந்தேன். மனைவி என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"எனக்குத் தெரியாது கண்ணு" என்றார் மச்சான், மெதுவாக. "இரு, உள்ள போயி உங்கத்தையக் கேட்டுட்டு வாரேன்."

போனை அணைக்காமல் அப்படியே வைத்துவிட்டு எழுந்து நடந்தார் போலிருக்கிறது. அவருடைய காலடிச் சத்தம் கூடத்தைத் தாண்டிச் சமையற்கட்டை நோக்கிப் போவது எங்கள் வீட்டில் கேட்டது. நாங்கள் மூவரும் போனைச் சுற்றி நின்று, அவர் கேட்டுவிட்டு வருவதற்காகக் காத்திருந்தோம்.