நடுத்தண்ணீரில் நின்ற அன்னப் படகு

அக்காவை மடத்தில் கொண்டுபோய் விட வேண்டிய நாளில் நாங்கள் போட்டிங் போனோம். யாரிடம் இதைச் சொன்னாலும் ஒருமுறை நிறுத்தி, திரும்பச் சொல்லச் சொல்கிறார்கள். அப்போது எனக்கு ஒன்பது வயது. அதில் விசித்திரமாக எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அந்த வருடம் தவக்காலத்தில் எங்கள் பங்குக் கோயிலுக்கு வந்த கன்னியாஸ்திரிகள், பூசை முடிந்ததும் பெண்பிள்ளைகளை மட்டும் உட்காரச் சொல்லி, யாருக்கெல்லாம் சாமிக்காக வாழ விருப்பம் என்று கேட்டார்கள். ஏழு பேர் கை தூக்கினோம். நானும் தூக்கினேன், என்னை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. மற்ற ஐந்து பேர் ஈஸ்டருக்குள் கையை இறக்கிவிட்டார்கள். பிளஸ் டூ முடித்திருந்த அக்கா இறக்கவில்லை.

அம்மா அழுது, சிரித்து, தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். சாமியார் ஞாயிறு பூசையில் அறிவித்தார். அக்காவைப் பீடத்துக்கு முன்னால் நிறுத்தி மாலை போட்டார்கள். மடத்திலிருந்து வந்த பட்டியலில் இரண்டு வெள்ளை பெட்ஷீட் என்றுதான் இருந்தது. ஊர் கொடுத்தது ஒன்பது. மாலை போட்டபோது அப்பா கோயிலுக்கு உள்ளே இல்லை. வெளியே வேப்பமரத்தடியில் வேனின் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்து வேன் ஓட்டினார். டயர் நன்றாகத்தான் இருந்தது என்பது எனக்கே தெரியும்.

என்னைப் பொறுத்தவரை அது வரும்படியான காலம். அக்கா போய்விட்டால் ஜன்னல் பக்கத்துப் பாய் எனக்கு. அவள் சைக்கிள் எனக்கு. பூட்டு போட்ட மேசை டிராயர், அதற்குள் இருக்கும் வண்ணப் பேனாக்கள், கறுப்பு கிளிப்புகள் எல்லாம் எனக்கு. என்னென்ன வருகிறது என்று நோட்டில் எழுதியே வைத்திருந்தேன். அதை அக்கா பார்த்துவிட்டு, விட்டுப்போன இரண்டு பொருட்களை அவளே சேர்த்து எழுதினாள்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து கிளம்பினோம். அப்பா பள்ளிக்கூடத்தில் கேட்டு வேனையே எடுத்து வந்திருந்தார். பின் சீட்டில் டிரங்குப் பெட்டி, சுருட்டிய பாய், சிவப்பு பக்கெட். மடம் விழுப்புரத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஆறு மணிக்குள் உள்ளே இருக்க வேண்டும் என்று மதர் எழுதியிருந்ததை ஒலக்கூர் தாண்டுவதற்குள் அம்மா மூன்று தடவை சொல்லிவிட்டாள்.

திண்டிவனம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், போட்டிங் என்று பெரிய பலகை வைத்திருந்த இடத்தில் அப்பா வேனை மண்ரோட்டில் திருப்பினார்.

“இங்க இன்னா வேலை?” என்றாள் அம்மா.

“சோறு துன்றதுக்கு நிழலு வேணும்ல. பத்து நிமிஷம்” என்றார் அப்பா.

நான் பிறப்பதற்கு முன்பு அது கல்குவாரி. பாறையை வெடித்து ஜல்லியாக அனுப்பிக்கொண்டிருந்த இடம். தோண்டத் தோண்ட ஊற்று வந்து, மோட்டார் வைத்து இறைத்தும் அடங்காமல், கடைசியில் விட்டுவிட்டுப் போய்விட்டார்களாம். பிறகு யாரோ குத்தகைக்கு எடுத்து, படகுகளை இறக்கி, பஜ்ஜிக் கடையும் மைக்செட்டும் வைத்துவிட்டார்கள். ஏரி என்றால் சரிவாக இறங்கும் கரை இருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இங்கே மூன்று பக்கமும் பாறைச்சுவர் நேராகத் தண்ணீருக்குள் போனது. சுவரில் மேலிருந்து கீழாக, சீப்பால் வாரியதுபோல, வெடிக்குத் துளை போட்ட கோடுகள். இடுக்குகளில் மாடப்புறா. தண்ணீர் அப்படியொரு பச்சை. உள்ளே ஒரு லாரி முழுசாகக் கிடக்கிறது என்று படகுக்காரர் ஒருவர் சொன்னதிலிருந்து நான் அந்த லாரியைத் தேட ஆரம்பித்துவிட்டேன்.

நிழல்வலைக்குக் கீழே உட்கார்ந்து கோழிக்குழம்பும் சோறும் சாப்பிட்டோம். அம்மா பாத்திரத்தை அலம்பிக் கூடையில் வைப்பதற்குள், அப்பா டோக்கன் வாங்கிக்கொண்டு வந்து நின்றார். வந்ததுக்குப் பிள்ளைங்க ஒரு ரவுண்டு போகட்டுமே என்றார்.

அது வாழைப்பழம் மாதிரி நீளமான, காற்றடித்த மஞ்சள் படகு. மோட்டார் படகு அதைக் கயிற்றில் இழுத்துக்கொண்டு போகும். எங்களோடு கோட்டக்குப்பத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்துப் பிள்ளைகளும் ஏறினார்கள். முதல் சுற்று ஒழுங்காகப் போனது. இரண்டாவது திருப்பத்தில் வேண்டுமென்றே கவிழ்த்துவிடுவார்கள் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நான் தண்ணீருக்குள் போய், லைஃப் ஜாக்கெட் தூக்கிவிட, மூக்கெல்லாம் எரிய மேலே வந்தபோது, பக்கத்தில் யாரோ சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அது அக்கா. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறவள். அந்தக் குரல் அவளுக்குள் இருந்ததே எனக்குத் தெரியாது. பாறைச்சுவரில் பட்டு அந்தச் சிரிப்பு இன்னொரு தடவை கேட்டது.

மடத்துக்கென்று தைத்த வெளிர்நீலச் சுடிதார் சொட்டச் சொட்ட நனைந்து போயிற்று. இப்படியேவா மதர் முன்னாடி போய் நிற்பாய் என்று அம்மா கடிந்துகொண்டாள். டிரங்குப் பெட்டியைத் திறந்து வேறு சுடிதார் எடுக்க வேண்டியதாயிற்று. பட்டியல்படி இரண்டு நாள் உட்கார்ந்து அடுக்கிய பெட்டி அது. மேலே இருந்த பெட்ஷீட்டுகள் வேன் சீட்டுக்கு வந்துவிட்டன. அக்கா உடை மாற்றிக்கொண்டு வருவதற்குள் அப்பா அடுத்த டோக்கனோடு நின்றார்.

இந்த முறை கயாக். குறுகலான இரண்டு ஆள் படகு. முன்னால் அக்கா, பின்னால் அப்பா. மூணு டன் வேனைச் சந்துக்குள் ரிவர்ஸ் எடுக்கிற மனிதருக்குத் துடுப்பு வசப்படவில்லை. அவர் வலது பக்கம் தள்ள, அக்காவும் வலது பக்கமே தள்ள, படகு இருந்த இடத்திலேயே வட்டம் போட்டது. அவர்களைக் கடந்து இரண்டு கயாக்குகள் போய்த் திரும்பியும் வந்துவிட்டன. அப்பா தலையை ஆட்டிச் சிரிப்பதும், அக்கா பின்னால் திரும்பி ஏதோ சொல்வதும் தெரிந்தது. அவர்களுக்கு எங்கேயும் போய்ச் சேர வேண்டும் என்று இருந்ததாகத் தெரியவில்லை. செபமாலையோடு உட்கார்ந்திருந்த அம்மாவே சிரித்துவிட்டாள். பிறகு போனில் மணி பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

அவர்கள் கரையேறியதும் அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டாள். அப்பா கவுண்டர் பக்கம் போய்க்கொண்டிருந்தார்.

“டைம் இருக்குது. சின்னதுதான் அன்னப் படகு அன்னப் படகுன்னு சொல்லிக்கினு இருந்துச்சி. ரெண்டு பேரும் போய்க்கினு வாங்க” என்றார், அக்காவின் ஜாக்கெட் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டே.

நான் அப்படிச் சொல்லவே இல்லை. பஜ்ஜி வேண்டும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அன்னப் படகைப் பார்த்ததும், நான்தான் கேட்டேன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளை அன்னத்தின் முதுகில் இரண்டு இருக்கைகள். கீழே சைக்கிளில் இருப்பதுபோல ஆளுக்கு ஒரு ஜோடி பெடல். நடுவில் திருப்புவதற்கு ஒரு கம்பி. எனக்குக் கால் எட்டவில்லை. இருக்கையின் நுனிக்கு வந்து, விரல் நுனியால் பெடலைத் தொட்டுக்கொண்டிருந்தேன். அக்காதான் மிதித்தாள். மைக்செட்டின் சத்தம் பின்னால் போகப் போக, பெடலின் களக் களக் மட்டும் கேட்டது.

நடுவுக்கு வந்ததும் அக்கா கேட்டாள், “நான் இல்லன்னா நீ யார் கூட படுப்ப?”

“தனியா. ஜன்னல் பக்கம்” என்றேன்.

“பயமா இருக்காதா?”

“இருக்காது.”

உண்மையில் எனக்குப் பயமாக இருக்கும் என்று தெரியும். ஆனால் பயம் என்று சொன்னால் ஜன்னல் பக்கம் கைமாறிவிடுமோ என்று தோன்றியது. அக்கா சிரித்தாள். இன்னும் கொஞ்ச தூரம் மிதித்தாள். பிறகு களக் களக் நின்றது.

“பெடலு சிக்கிக்கிச்சு” என்றாள்.

நான் குனிந்து என் பெடலை அமுக்கிப் பார்த்தேன். அசையவில்லை. படகு தானாகவே மெல்லத் திரும்பி, பாறைச்சுவரின் நிழலுக்குள் போய் நின்றது. அக்கா பின்னால் சாய்ந்துகொண்டாள். கையைத் தண்ணீரில் விட்டு, விரல்களுக்கு இடையில் அது போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் லாரியைத் தேடினேன். ஒரு இடத்தில் கறுப்பாக ஏதோ தெரிந்தது. லாரியா என்று கேட்டேன். லாரிதான் என்றாள். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

மைக்கில் பதினாலாம் நம்பர் படகைக் கரைக்குக் கூப்பிட்டார்கள். எங்கள் அன்னத்தின் கழுத்தில் எழுதியிருந்தது பதினாலு. நான் சொன்னேன். “சிக்கியிருக்கே, இன்னா பண்றது” என்றாள் அக்கா. இன்னொரு தடவை கூப்பிட்டார்கள். கரையில் அம்மா முந்தானையை உயர்த்தி உயர்த்தி வீசினாள். படகுக்காரர் மோட்டார் படகை அவிழ்க்கக் குனிந்தார். அப்பா அவர் தோளில் கை வைத்து ஏதோ சொன்னார். அவர் நிமிர்ந்து நின்றுவிட்டார். நாங்கள் மாட்டிக்கொண்டிருக்கிறோம் என்று அப்பாவுக்குப் புரியவில்லை என்று எனக்குக் கோபம் வந்தது.

மற்ற படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. பாறைச்சுவரின் நிழல் எங்களைத் தாண்டி நீண்டது. எனக்குப் பசித்தது, பிறகு தண்ணீருக்குள் கறுப்பாகத் தெரிந்தது நகர்ந்ததுபோல இருந்தது. நான் அழ ஆரம்பித்தேன். அம்மாகிட்ட போகணும் என்றேன். அக்கா என் தலையைத் தன் மேல் சாய்த்துக்கொண்டாள். கொஞ்ச நேரம்தான், கொஞ்ச நேரம்தான் என்றாள். நான் அம்மா அம்மா என்று கத்திக்கொண்டே இருக்கையிலிருந்து பாதி இறங்கி, பெடலை எட்டி உதைத்தேன். இரண்டு உதை அசையவில்லை. மூன்றாவது உதைக்குச் சுழன்றது.

எனக்கு அழுகை நின்றுவிட்டது. இறங்கி நின்றபடியே மிதித்தேன். களக் களக் என்று அன்னம் நிழலை விட்டு வெளியே வந்தது. “நானே சரி பண்ணிட்டேன்” என்று கரையைப் பார்த்துக் கத்தினேன். கோட்டக்குப்பத்துப் பிள்ளைகள் கை தட்டினார்கள்.

கரையோரம் படகு கட்டும் மிதவையில் நின்று அப்பா கை நீட்டி என்னைத் தூக்கி இறக்கினார். அக்காவுக்கும் கை கொடுத்தார். கொடுத்த கையை உடனே விடவில்லை.

“போலாமா, இல்ல இன்னொரு ரவுண்டு போறியாம்மா?”

“போதும்பா. போலாம்” என்றாள் அக்கா.

மடத்து வாசலில் நாங்கள் நின்றபோது ஆறேகால். அம்மா பயந்ததுபோல மதர் கோபிக்கவில்லை. தலையெல்லாம் ஈரமாக இருக்கிறதே, சளி பிடிக்கும் என்று மட்டும் சொன்னார். அப்பா டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக, உள்வாசலில் ஒரு சிஸ்டர் அதை வாங்கிக்கொண்டார். அதற்கு அப்பால் ஆண்கள் போகக் கூடாதாம். அக்கா அம்மாவிடம் நெற்றியில் சிலுவை அடையாளம் வாங்கிக்கொண்டாள். என்னிடம் குனிந்து, சைக்கிளுக்குக் காற்று அடித்து வைத்திருப்பதாகச் சொன்னாள். பிறகு சிவப்பு பக்கெட்டை எடுத்துக்கொண்டு நடந்தாள். வராந்தாவின் கோடியில் திரும்பினாளா என்று தெரியவில்லை. நான் அங்கே கூண்டிலிருந்த முயல்களைப் பார்க்கப் போய்விட்டேன்.

பள்ளிக்கூடம் திறந்ததும், நடுக்குவாரியில் நின்றுபோன படகை ஒற்றை ஆளாக ஓட்டிக்கொண்டு வந்த கதையை வேனில் தினமும் சொன்னேன். தினமும் தண்ணீர் கொஞ்சம் ஆழமாயிற்று. ஒரு நாள் அப்பா வேனை ஓரமாக நிறுத்தி, இறங்கி, பாட்டில் தண்ணீரால் முகத்தைக் கழுவிக்கொண்டு, கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்து நின்றார். என்னா வெயிலு என்று பக்கத்தில் இருந்தவளிடம் நான் சொன்னேன்.

கல்லூரியில் இரண்டாம் வருடம், தோழிகளோடு வேறொரு ஊரில் படகு விட்டோம். அன்னம் இல்லை, அதே மாதிரி பெடல் படகு. நான் மிதிக்க ஆரம்பித்ததும் பக்கத்தில் இருந்தவள், “மெதுவாடி, என் காலையும் சேத்து இழுக்குது” என்றாள். குனிந்து பார்த்தேன். இந்தப் பக்கத்துப் பெடலும் அந்தப் பக்கத்துப் பெடலும் ஒரே இரும்புத் தண்டில் இருந்தன. அவளைக் காலை அழுத்தி வைத்துக்கொள்ளச் சொன்னேன். எவ்வளவு மிதித்தும் என் பெடல் அசையவில்லை. காலை எடுக்கச் சொன்னேன். சுழன்றது. என்னடி விளையாட்டு இது என்று சிரித்தார்கள். நான் இன்னொரு தடவை செய்து பார்த்தேன்.

அக்கா இப்போது ஜார்க்கண்டில், அவர்கள் மடத்து ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பேசுவாள். அங்கத்துக் குளிர், பிள்ளைகள், இந்தி என்று ஏதாவது சொல்லிச் சிரிப்பாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாளா என்பது போனில் தெரிவதில்லை. அவள் குரலில் குறை எதுவும் இல்லை. நான் தேடாமலும் இல்லை. அந்தப் படகைப் பற்றிக் கேட்க நான்கைந்து தடவை வாயெடுத்து, சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்திருக்கிறேன்.

அந்த மூன்றாவது உதைக்கு நான் அடிக்கடி திரும்பிப் போகிறேன். எட்டடி தள்ளி வெயில் இருக்கிறது. கரையில் அப்பா நிற்கிறார். பெடல் சட்டென்று இளகுகிறது. பக்கத்தில், கையெட்டும் தூரத்தில், அக்கா அப்போதுதான் காலைத் தூக்கியிருக்கிறாள். அந்த நேரத்தில் அவள் முகம் எப்படி இருந்தது என்று சொல்லக்கூடியவள் உலகத்தில் நான் ஒருத்திதான். நான் கரையைப் பார்த்துக் கை ஆட்டிக்கொண்டிருந்தேன்.