கம்பி கட்டிய வால்வு

அந்தச் சிவப்பு விளக்கு ஒரு நெல்லிக்காய் அளவுதான் இருக்கும். இயந்திரத்தின் நெற்றியில் பொட்டு மாதிரிப் பதித்திருந்தார்கள். அது எரிந்தால், உள்ளே ஓடும் பழச்சாறு பாட்டிலுக்குப் போகக் கூடாது. அவ்வளவுதான் விஷயம். இதைப் புரிந்துகொள்ள மறுத்தவர்கள் எல்லாரும் பெரிய படிப்புப் படித்தவர்கள். புரிந்துகொண்டதற்காக வேலையை இழந்தவர் எங்கள் ஆலையின் எலக்ட்ரீஷியன் அண்ணன். இத்தனை ஆண்டுகள் கழித்தும் இதை எழுத உட்காரும்போது எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. திருவொற்றியூரில் ஒரு பழச்சாறு ஆலையின் பரிசோதனைக்கூடத்தில் சேர்ந்திருந்தேன். காலடிப்பேட்டையில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். மணலி எண்ணெய் ஆலைகளின் பக்கமிருந்து காற்று வீசும் நாட்களில், உரித்துக் குவித்த சாத்துக்குடியின் வாசனைகூட மூக்குக்கு எட்டாது. சாற்றைக் கொதிக்கவைத்து அடைத்தால் பல நாள் தாங்கும், ஆனால் ருசி செத்துவிடும். அப்படியே அடைத்தால் ஃபிரிட்ஜில் வைத்தாலும் ஐந்தாறு நாளில் புளித்துவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறதென்று வெளிநாட்டிலிருந்து பழைய இயந்திரம் ஒன்றை வாங்கி வந்தார்கள். இரண்டு உலோகத் தகடுகளுக்கு இடையே சாறு ஓடும். கண் இமைப்பதற்குள் பல நூறு முறை, ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம் துடிப்புத் துடிப்பாக அதற்குள் பாயும். கிருமிகளின் மேலுறை பொத்துப்போய் அவை செத்துவிடும். சாறு கொதிக்காது, ருசியும் போகாது. குளிரில் வைத்தால் மூன்று வாரம் கெடாமல் இருக்கும்.

பொருத்த வந்தவர்கள் பத்து நாளில் விமானம் ஏறிவிட்டார்கள். அதற்குப் பிறகு இயந்திரத்தின் நாடித் துடிப்பு அண்ணனுக்குத்தான் தெரியும். வியாசர்பாடியிலிருந்து சைக்கிளில் வருவார். சாப்பாட்டு வேளையில் ஆங்கிலக் கையேட்டை என் மேசையில் விரித்து, புரியாத சொற்களுக்குப் பொருள் கேட்பார். பொருள் சொன்னது நான்தான். ஆனால் இயந்திரத்தை எனக்குப் புரியவைத்தது அவர்.

“ஷாக் அட்ச்சா நமக்கு இன்னா ஆவுது? அதே கதைதாம்மா அந்தப் பூச்சிக்கும். ஆனா அடி முழுசா வுழணும். அரகொறயா அட்ச்சா எந்திரிச்சி வந்துகினே இருக்கும்.”

அந்தக் கோடையில் மின்னழுத்தம் அடிக்கடி இறங்கியது. அப்போதெல்லாம் சிவப்பு விளக்கு எரியும், ஒரு வால்வு தானாகத் திரும்பிச் சாற்றைத் தொட்டிக்கே அனுப்பிவிடும். உற்பத்தி நின்றுவிடும். ஒரு நாள் மதியம் மேலாளர் வேர்க்க விறுவிறுக்க வந்தார்.

“யோவ், அந்த வால்வைக் கட்டிப் போடு. லாரி வெளியே நிக்குது.”

“கட்ட மாட்டேன் சார். கரண்ட்டு டல்லா கீது. அடி வாங்காத சாறு அப்டியே பாட்லுக்குப் பூடும். கொயந்தைங்க குடிக்கிறது.”

“நீ எலக்ட்ரீஷியனா, டாக்டரா?”

அண்ணன் ஸ்பேனரைத் தரையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மேலாளர் வெளியாள் ஒருவனை வரவழைத்து, ஒரு முழக் கட்டுக்கம்பியால் வால்வை அசையாமல் கட்டவைத்தார். நாற்பது நிமிடம் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. சாறும் போய்க்கொண்டே இருந்தது. நான் பரிசோதனைக்கூட வாசலில் நின்று பார்த்தேன்.

நான்காம் நாள் கடைகளில் பாட்டில்கள் உப்பின. அதற்குள் ராயபுரத்தில் ஒரு பள்ளி விளையாட்டு விழாவில் அந்தச் சாற்றைக் குடித்த பிள்ளைகள் வரிசையாக வாந்தி எடுத்தார்கள். இரண்டு பேருக்கு டிரிப்ஸ் ஏற்ற வேண்டியிருந்தது. நான் அந்தச் சாற்றைச் சோதித்தேன். எண்ண முடியாத அளவு கிருமிகள். விளக்கு எரிந்த நேரத்தையும் கம்பி கட்டியதையும் குறிப்பிட்டு அறிக்கை எழுதினேன். மறுநாள் மேலாளர் வேறோர் அறிக்கையைத் தட்டச்சு செய்து நீட்டினார். எலக்ட்ரீஷியனின் கவனக்குறைவே காரணம் என்றிருந்தது. எனக்கு வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு மாதம் இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

விசாரணையில் அதை வாசித்தபோது அண்ணன் என்னைப் பார்த்துக் கேட்டார்: “நீயாம்மா எழ்தின?”

நான் தரையைப் பார்த்தேன். அன்று மாலையே அவரை வெளியே அனுப்பினார்கள்.

நிரந்தர ஆணை வந்தது. அந்தத் தாளைக் கையில் வைத்திருக்க முடியவில்லை. வேலையை விட்டேன். என் பழைய அறிக்கையின் கைப்பிரதியை எடுத்துக்கொண்டு வியாசர்பாடிக் குடியிருப்பில் அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி என்னை உட்காரச் சொல்லவில்லை. “எங்கூட்டு ஆளு தப்பா ஒரு வயர் முறுக்கினது கெடையாது. நீ படிச்சவ, எழ்திட்ட” என்றார். ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தகும்.

அண்ணன் தாளை இரண்டு முறை படித்தார். “உடு. கேஸ் போட்டுக்கீறேன், கோர்ட்டுல வந்து சொல்வியா?” என்றார்.

சொன்னேன். ஆனால் சொல்வதற்கான நாள் வரவே மூன்று ஆண்டுகள் ஆயின. வாய்தா, நீதிபதி மாற்றம், கம்பெனி வக்கீலுக்குக் காய்ச்சல், மறுபடி வாய்தா. அதற்குள் அண்ணன் சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் கிரேன்களுக்கு வயரிங் செய்து குடும்பத்தை ஓட்டினார். மேலாளரோ இன்னும் பெரிய கம்பெனிக்குப் போனார். பானங்களின் ஆயுளை நீட்டிப்பது பற்றி மேடையேறிப் பேசினார். பேச்சின் நடுவே அந்த இயந்திரத்தைத் தானே ஓட்டிப் பழகியதாகச் சொன்னதை, கூட்டத்தில் உட்கார்ந்து நானே கேட்டேன்.

ஏழாம் ஆண்டு தீர்ப்பு வந்தது. அண்ணன் மேல் குற்றமில்லை, மீண்டும் வேலையில் சேர்க்க வேண்டும். எந்த வேலையில்? ஆலையை மூடி, இடித்து, அந்த இடத்தைக் கன்டெய்னர் யார்டாக்கி ஓராண்டு ஆகியிருந்தது.

தீர்ப்பில் குறித்த நாளன்று அண்ணன் என்னையும் வரச் சொன்னார். இஸ்திரி போட்ட காக்கிச் சட்டையில், எட்டு மணிக்குப் பத்து நிமிடம் முன்பே கேட்டில் நின்றார். உள்ளே டிரெய்லர் லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டிருந்தன.

“இன்னா நைனா ஓணும்? அந்தக் கம்பெனிதான் எப்பவோ பூட்ச்சே” என்றார் வாட்ச்மேன்.

“தெரியும். ட்யூட்டிக்கு வந்தேன்னு நோட்ல எழ்து.”

வாட்ச்மேன் தீர்ப்பு நகலைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். லாரி நம்பர்கள் எழுதும் நோட்டைத் தள்ளிவைத்தார். அண்ணன் பேனாவை வாங்கித் தன் பெயரை எழுதினார். எதிரே ‘எலக்ட்ரீஷியன்’ என்றும், நேரத்துக்கு ‘எட்டு’ என்றும் எழுதினார். பிறகு பேனாவை என்னிடம் நீட்டினார்.

“சாட்சிக் கையெழுத்து போடும்மா. இந்த வாட்டி படிச்சிட்டுப் போடு.”