ஷரஃபுதீன் பாய் அறுத்த ஜப்பான் வண்டி

கோடம்பாக்கத்திலிருந்து மயிலாப்பூர் திரும்பும் பஸ்ஸில், ஜன்னலோரம் உட்கார்ந்து ஷரஃபுதீன் பாய் விரல்களை உரித்துக்கொண்டிருக்கிறார். காய்ந்த பிசின் வெங்காயச் சருகு மாதிரி கழன்று வருகிறது. கீழே போட மாட்டார். சட்டைப் பையில் சேர்த்துக்கொள்வார். பக்கத்து சீட்டுக்காரர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தால் அவரே சமாதானம் சொல்வார்: "சொறி இல்ல சார். ஃபைபர் கிளாஸு."

ஸ்டுடியோவில் ஃபைபர் உருவங்கள் செய்வது அவர் தொழில். கதாநாயகன் ஒற்றைக் கையால் தூக்கும் பாறை, பூகம்பத்தில் சாயும் தூண், வாய் பிளக்கும் முதலை எல்லாம் அவர் ஷெட்டில் பிறந்தவை. யாராவது புகழ வாயெடுத்தால் முந்திக்கொள்வார். "அந்த யானைக்குத் தும்பிக்கை கோணல். கேமராமேன் நல்ல மனுசன், அந்தப் பக்கம் காட்டல." இன்னும் வற்புறுத்தினால், "நம்ப செய்ற பாறை தண்ணில மெதக்கும். நம்ப செய்ற படகு முழுகிடும். ஆண்டவன் ஆளுக்கு ஒரு தெறமை குடுத்துகிறான்" என்பார்.

எமர்ஜென்சி முடிந்த வருஷம், ஒரு தயாரிப்பாளர் ஜப்பானிலிருந்து ஒரு வண்டி தருவித்தார். நின்றபடியே கடல்மேல் ஓட்டுகிற ஸ்கூட்டர். சக்கரமும் கிடையாது, வெளியே சுழலும் விசிறியும் கிடையாது. அடிவயிற்றில் ஒரு பம்பு தண்ணீரை உறிஞ்சிப் பின்பக்கம் பீய்ச்சும். அந்த வேகத்தில் வண்டி முன்னால் பாயும். முதல் நாள் ஒத்திகையிலேயே ஸ்டண்ட் நடிகர் அதைச் சாந்தோம் கரை மணல்மேல் ஏற்றினார். பம்பு மணலையும் கல்லையும் தின்று உடைந்தது. மோட்டாருக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பம்பு இந்தியாவில் எங்கும் கிடைக்காது. வண்டி பாயின் ஷெட்டு மூலைக்கு வந்து முதலைக்குப் பக்கத்தில் படுத்தது.

"பாய், ஏதாவது பண்ண முடியுமான்னு பாருங்க" என்றார் தயாரிப்பு மேனேஜர் சிதம்பரநாதன். அவர் பேச்சுக்குச் சொன்னார். பாய் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டார்.

புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் அலைந்து வேறொரு பம்பைக் கண்டுபிடித்தார். ஏதோ வெளிநாட்டுக் கப்பலின் உயிர்காப்புப் படகிலிருந்து கழற்றிய வெண்கலப் பம்பு. அதுவும் அதே மாதிரி உறிஞ்சிப் பீய்ச்சும் ஜாதிதான். என்ன, ஜப்பான் பம்பைவிட ஒரு சாண் பெரியது. வெண்கலத்தைச் சின்னதாக்க முடியாது. ஃபைபரை அறுக்கலாம். அறுத்தார். வண்டியின் பின்பக்கக் குடைவை ரம்பத்தால் அகலமாக்கினார். அடியில் தண்ணீர் உறிஞ்சும் வாயைப் பெரிதாக்கினார். பழைய பம்பு உட்கார்ந்திருந்த மேடை வெறும் தூளாகித் தரையில் கிடந்தது.

அறுத்து முடித்து டீ குடிக்க வெளியே வந்தபோது சிதம்பரநாதன் சிரித்த முகமாக ஓடிவந்தார். "பாய், நல்ல சேதி! ஜப்பான்லேர்ந்து புதுப் பம்பே அனுப்பிட்டாங்க. கப்பல்ல வருது. அதுவரைக்கும் வண்டியில யாரும் கை வச்சிராதீங்க."

"கையா? சேச்சே" என்றார் பாய். அந்தக் காட்சியை இப்போது அவரே நடித்துக் காட்டுவார். "தலை, தாடி, மூஞ்சி எல்லாம் வெள்ளைத் தூளு. நான் பொய் சொல்லிகினு கீறேன். தாடி உண்மையச் சொல்லிகினு கீது. நல்ல வேளை, அந்த மனுசன் என் மூஞ்சிய என்னிக்கும் சரியாப் பாத்ததில்ல."

வீட்டில் மனைவி வஜீஹாவிடம் மறைக்க முடியாது. ஃபைபர் தூள் பட்டால் வீடே சொறியும். குழாயடியில் குளித்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்பது அவள் சட்டம். குளித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். துண்டை நீட்டியவள் கொடுக்காமல் நின்றாள்.

"அடுத்தவன் வண்டிய ரெண்டா அறுத்துட்டு வந்து நிக்கிறீங்களா?"

"ரெண்டா இல்ல. கொஞ்சம்."

"வேலை போச்சுன்னா?"

"உன்கூடவே வூட்ல இருப்பேன்."

"அப்ப அந்தப் பம்ப ஒழுங்கா மாட்டுற வழியப் பாருங்க" என்று துண்டைத் தோளில் எறிந்தாள்.

மாட்டுவது பெரும்பாடாகிவிட்டது. மோட்டாரிலிருந்து பம்புக்குப் போகும் தண்டு நூல் பிடித்த மாதிரி நேராக இருக்க வேண்டும். மயிரிழை கோணினாலும் உதறிக் கழன்றுவிடும். பாய் நிஜமாகவே நூல் கட்டிப் பார்த்தார். ஃபைபரில் பூசக் கலக்கிய பிசின் சித்திரை வெயிலில் குவளையிலேயே கல்லானது. ஒரு தடவை கடப்பாக்கல்லாகச் சமைந்த குவளையோடு அவர் கையும் ஒட்டிக்கொண்டது. எல்லாம் முடிந்து கண்ணாடி மாதிரி பளபளவென்று இழைத்த பிறகுதான், பம்பின் திருகாணிகள் பிசினுக்கு உள்ளே போய்விட்டது தெரிந்தது. "வூடு கட்டிட்டேன், வாசக்கால் வைக்கல" என்று தலையில் அடித்துக்கொண்டு, மறுபடி உடைத்தார்.

ஒரு விடியற்காலை வண்டி நொச்சிக்குப்பத்துக்கு வந்தது. கட்டுமரக்காரர் கபாலி பழைய சிநேகிதர். "குடு பாய், நான் ஓட்டிப் பாக்கறேன்" என்றார். பாய் சம்மதிக்கவில்லை. அறுத்தது தன் கை, முழுகினால் தானே முழுகவேண்டும் என்று நியாயம் பேசினார். நீச்சல் தெரியாது என்பதை மட்டும் சொல்லவில்லை. கபாலியின் கட்டுமரம் அலை உடைகிற இடம் தாண்டிக் கூட வந்தது. பாய் நிற்கத் துணியாமல் குப்புறப் படுத்தபடி கைப்பிடியை முறுக்கினார்.

வண்டி பாய்ந்தது! நுரையைக் கிழித்துக்கொண்டு போனது. பிறகு இடது பக்கம் திரும்பியது. மறுபடி இடது. மறுபடியும் இடது. குப்பத்து ஜனம் கரையில் கூடிவிட்டது.

"பாய், ரைட்ல திருப்பு!" என்று கத்தினார் கபாலி.

"வர்ல கபாலி! அது வந்தா நான் ஏன் இங்க கீறேன்!"

பெரிய பம்பின் தண்ணீர் பீய்ச்சும் மூக்கு வலப்பக்கம் திரும்ப இடமில்லாமல் ஃபைபர் விளிம்பில் இடித்து நின்றிருந்தது. நாலாவது சுற்றில் பாய் கைநழுவித் தண்ணீருக்குள் போனார். ஆள் விழுந்தாலும் வண்டி ஓடிப்போகாது, மெதுவாக வட்டமிடும். அப்படிச் செய்த ஜப்பான்காரன் புண்ணியவான். அது வட்டம் போட, நடுவில் பாயின் தொப்பி மட்டும் மிதந்தது. கபாலி குதித்துத் தலைமயிரைப் பிடித்துத் தூக்கினார்.

"இன்னா பாய், நீச்சு தெர்யாதா?"

"கத்துக்கலாம்னுதான் வந்தேன்" என்றார் பாய், வாயிலிருந்து கடலைத் துப்பிக்கொண்டே. வஜீஹாவிடம் மழையில் நனைந்ததாகச் சொன்னார். அந்த மாதம் மழையே இல்லை.

வலப்பக்க விளிம்பை வெட்டி வளைத்துப் புதிதாகப் பூசி முடித்த அன்றே, ஜப்பான் பம்பு இருந்த மரப்பெட்டி துறைமுகத்தில் வந்து இறங்கியது. இனி ஒளிக்க வழியில்லை. "பெட்டி ஸ்டுடியோவுக்கு வாணாம் சார். நேரா நொச்சிக்குப்பத்துக்குக் கொண்டாந்துருங்க" என்றார் பாய், சிதம்பரநாதனிடம்.

அவர் பெட்டியோடு வந்தார். வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். பிறகு பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டார். "என் பொழப்பையும் சேத்து அறுத்துட்டீங்களே பாய். மொதலாளிக்கு நான் என்ன பதில் சொல்ல?"

பாய் கபாலிக்குக் கையைக் காட்டினார்.

கட்டுமரத்தில் நின்று பழகிய கால்களோடு கபாலி வண்டிமேல் நின்றார். இடது பக்கம் வளைந்தார். வலது பக்கம் வளைந்தார். சாந்தோம் பக்கம் போய்ப் புள்ளியாகி, எட்டுப் போட்டுக்கொண்டே திரும்பி வந்தார். சிதம்பரநாதன் தன்னையறியாமல் பெட்டியை விட்டு எழுந்திருந்தார். செருப்பைக் கழற்றாமலே அலைக்குள் இறங்கினார்.

"ஷூட்டிங்கு பூரா தாங்குமா பாய்? உள்ள ஒண்ணும் உதறலையே?"

கரையோரம் வந்தால் பம்பு மணலை உறிஞ்சிவிடும். அதனால் கபாலி மார்பளவு தண்ணீரில் இறங்கி, ஓடும் வண்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். பாய் லுங்கியை மடித்துக் கட்டி, ஒவ்வொரு அலைக்கும் உடம்பு விறைக்க, அங்கேவரை நடந்து போனார். ஒரு கையால் கபாலியின் தோளை இறுக்கிப் பிடித்தார். மறு கையால் மூக்கைப் பொத்தினார். கண்களை மூடிக்கொண்டு, பம்பின் சத்தத்தைக் கேட்கத் தலையைக் கடலுக்குள் விட்டார்.