தாழ்ந்து வந்த கூரை

சித்தப்பாவின் குடை இன்னும் என்னிடம் இருக்கிறது. துணி பாதி போய்விட்டது. கம்பிகள்தான் முறைத்துக்கொண்டு நிற்கின்றன. மழைக்கும் உதவாது, வெயிலுக்கும் உதவாது. அந்த விஷயத்தில் அது என் ஜாதி. ஜப்பான்காரன் குண்டு போட்ட நாளிலிருந்து சித்தப்பா அந்தக் குடையை மடக்கவே இல்லை. மலாக்காவின் காஜா பேராங்கில் எங்கள் வீட்டுக்குள்ளும் விரித்த குடையின் கீழேதான் அவருக்குச் சாப்பாடு, தூக்கம் எல்லாம். “வானத்தை நம்பாதடா, சும்மா இருக்கற மாதிரி நடிக்குது” என்பார். அவரைக் கட்டிப் போடச் சொன்ன சொந்தக்காரர்கள் பிறகு வருவதையே நிறுத்திக்கொண்டார்கள். மிஞ்சியது அவரும் நானும். குடைக்குள் நானும் புகுந்து கிழங்கு ஊட்டுவதைப் பார்த்த தெருக்காரர்களுக்கு, இருவரில் யாருக்குப் பைத்தியம் என்ற சந்தேகம் தீரவே இல்லை.

அவர் காலில் புண் வந்து அழுகத் தொடங்கியது. மருந்து கட்டுபவர் இருந்தது ஊரின் இன்னொரு பக்கம், தெங்கேராவில். வழியில் ஜப்பான்காரனின் காவல் சாவடி. குடையை மடக்கி, இடுப்பு வளைய வணங்கினால்தான் சிப்பாய் விடுவான். வணங்காத ஒருவரை லாரியில் ஏற்றியதை நானே பார்த்திருந்தேன், அவர் திரும்பவில்லை. போகாவிட்டால் கால் போகும், போனால் ஆளே போய்விடலாம். வரிசையில் நின்றபடி கெஞ்சினேன். “ஒரே ஒரு நிமிஷம் மடக்குங்க சித்தப்பா.” “மடக்கினா விழும்டா. உன் மண்டையிலயும்தான் விழும்!” எனக்கும் சேர்த்துப் பயந்தார், அதுதான் கொடுமை. பிடுங்கப் பார்த்தேன்; அலறினார். சிப்பாய் திரும்பினான். என் இடுப்பு என்னைக் கேட்காமலே வளையத் தொடங்கிவிட்டது.

எங்களுக்குப் பின்னால் பலகாரம் விற்கும் மலாக்கா செட்டி அம்மா ஒருவர் நின்றார். மலாய்க்காரிகள் போல கெபாயாச் சட்டை, சாரோங், ஆனால் நெற்றியில் திருநீறு. பேச்சு மட்டும் மலாய். முன்பின் பார்த்ததில்லை. எங்கள் தமிழ் புரியாவிட்டாலும் சித்தப்பாவின் கண் வானத்தையே பார்ப்பதைக் கவனித்திருக்கிறார். மூங்கில் தட்டிலிருந்த மரவள்ளிப் பலகாரங்களை இலையோடு தரையில் இறக்கிவிட்டு, தட்டைச் சித்தப்பாவின் தலைக்குமேல் பிடித்தார். “மாமா, மாரி. சினி அடா அத்தாப்.” வாங்க, இங்கே கூரை இருக்கிறது. சித்தப்பா தட்டைத் தட்டிப் பார்த்தார். பிறகு குடையை மடக்கி என்னிடம் கொடுத்தார். சிப்பாயின் முன்னே அந்த அம்மா குனியக் குனியத் தட்டும் இறங்கியது. கூரை இறங்கினால் மனிதன் என்ன செய்வான்? சித்தப்பாவும் இறங்கினார். அவ்வளவு தாழ்ந்த வணக்கத்தை அந்தச் சிப்பாய் தன் ஊரிலும் பார்த்திருக்க மாட்டான். பட்டினிக் காலம், தரையில் கிடந்த பலகாரத்தை வரிசையில் ஒருவரும் தொடவில்லை. நான் தொட நினைத்தேன் என்பது வேறு கதை.

மருந்து கட்டி முடித்த பிறகுதான், திரும்பவும் அதே சாவடி என்பது எனக்கு உறைத்தது. என் மூளையின் வேகம் அது. விரித்த குடையோடு சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தால், சாவடிக்குத் தெங்கேராப் பக்கம் வெயிலில் அந்த அம்மா உட்கார்ந்திருக்கிறார், மடியில் காலித் தட்டு. “லாமாஞா, அடெக்!” என்றார். இவ்வளவு நேரமா, தம்பி! பெயர் கேட்கவும் தோன்றாமல் நின்றேன். அவர் தட்டைத் தூக்கினார்.

கால் ஆறியது. மனம் ஆறவில்லை. ஜப்பான்காரன் போவதற்கு முன்பே சித்தப்பா போய்விட்டார், விரித்த குடையின் கீழேயே. அந்த அம்மாவை மறுபடி நான் பார்க்கவில்லை. இப்போது வானம் சும்மாதான் இருக்கிறது. இருந்தாலும் வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அந்தக் கம்பிகளை விரித்து, தலைக்குமேல் பிடித்து, மெல்லத் தாழ்த்துவேன். இடுப்பு வலிக்கும். குனிவேன்.