ஜான்சியின் வண்டியும் மாமியின் ஒற்றை இழையும்

ஜான்சி ரோபோ செய்ய ஆரம்பித்ததற்குக் காரணம் ஒரு சிரிப்பு.

ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் பதினோரு வருஷமாக அவளுக்கு ஒரே வேலை. பச்சை நிற சர்க்யூட் போர்டைச் சோதனைப் பெட்டிக்குள் வைக்க வேண்டும், மூடியை அழுத்த வேண்டும், எரிகிற விளக்கைப் பார்த்து வெளியே எடுக்க வேண்டும். ஒருநாள் லைன் இன்ஜினியர் ஷ்யாம்சுந்தரிடம், "சார், இந்த போர்டு இன்னா சார் பண்ணும்?" என்று கேட்டுவிட்டாள்.

"தெரிஞ்சு என்னக்கா பண்ணப்போறீங்க? ராக்கெட் விடப்போறீங்களா?"

சொல்லிவிட்டுச் சிரித்தான். ஷிஃப்டே சேர்ந்து சிரித்தது. முப்பத்தொன்பது வயதுப் பெண்ணை ஒரு பொடிப்பயல் அத்தனை பேர் முன்னால் கேலி செய்கிறான், பல்லைக் காட்டுவதற்கு நாற்பது பேர். படப்பை தாண்டி, தாம்பரம் வந்து, கேம்ப் ரோட்டில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கும்வரை அந்தச் சிரிப்பு ஜான்சியின் காதிலேயே இருந்தது.

மறுநாளிலிருந்து பஸ்ஸில் தூங்குவதை நிறுத்தினாள். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, கோட்டைப் பார்த்துத் தானாக ஓடும் சின்ன வண்டி செய்வது எப்படி என்று போனில் படம் பார்த்தாள். இரண்டு மஞ்சள் மோட்டார், இரண்டு சக்கரம், கட்டளையை ஏற்றி வைக்க ஒரு குட்டி போர்டு, அடியில் தரையைப் பார்க்கும் கண்களாக ஒரு சென்சார் பட்டை. எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போய் வாங்கி வந்தாள். முதல் போர்டை ப்ளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுத்து ஒரே நொடியில் புகை வர எரித்தாள்.

"உள்ள இருந்த பேய் போயிடுச்சு, இனிமே ஓடும் பாரு" என்றான் அவள் புருஷன் பிரிட்டோ. ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன். வண்டி என்றால் தனக்குத்தான் தெரியும் என்ற நினைப்பு அவனுக்கு. ஜான்சி அவனோடு இரண்டு நாள் பேசவில்லை.

இரண்டாவது போர்டு பிழைத்தது. பழைய டிபன் பாக்ஸ் மூடியில் எல்லாவற்றையும் திருகி, வண்டி என்று ஒன்று நின்றது. அதற்குத் தேவை வெள்ளைத் தரையில் ஒரு கறுப்புக் கோடு. வெள்ளை பட்டால் வெளிச்சம் திரும்பி வரும், கறுப்பு பட்டால் வராது. அந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு வண்டி கோட்டோடு போகும். ஜான்சியின் வீட்டில் இருந்ததோ கறுப்பும் வெள்ளையும் கலந்து தெளித்த மொசைக் தரை. கீழே விட்டதும் வண்டி கிறுக்குப் பிடித்து ஒரே இடத்தில் சுற்றியது.

மாடம்பாக்கத்தில் அந்தத் தரைத்தள போர்ஷன் அவர்களுக்குக் கிடைக்க ஏழு மாதம் ஆயிற்று. பெயரைக் கேட்டதும் "சொல்லி அனுப்பறோம்" என்ற வீடுகள் எத்தனையோ. மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர் ஏறும் என்பதால் இதற்கு வேறு ஆள் வரவில்லை, அவ்வளவுதான் விஷயம். மாடியில் வீட்டுக்காரர்கள், தோத்தாத்ரி மாமாவும் சாவித்ரி மாமியும். மீன் வாசனை மாடிக்கு வரக்கூடாது என்பது முதல் நிபந்தனை. மற்ற நிபந்தனைகளை மாமி அவ்வப்போது நினைவுக்கு வரும்போது சேர்த்துக்கொண்டாள்.

படிக்கட்டுக்குக் கீழே வெள்ளை டைல்ஸ் போட்ட பொது வழி இருந்தது. ஒரு சனிக்கிழமை ஜான்சி அங்கே கறுப்பு இன்சுலேஷன் டேப்பை வட்டமாக ஒட்டினாள். வண்டி கால் வட்டம்தான் போயிருக்கும், மாமி இறங்கி வந்துவிட்டாள்.

"ஏம்மா ஜான்சி, இது என்ன கண்றாவி? டைல்ஸெல்லாம் பிசுக்கு ஒட்டிண்டு. உனக்கு விட்டது போர்ஷன்தானே, நடைவழியையுமா எழுதிக் கொடுத்தோம்?"

"அஞ்சு நிமிஷம் மாமி. பார்த்துட்டு எடுத்துடறேன்."

மாமி அஞ்சு நிமிஷம் தரவில்லை. தானே உட்கார்ந்து டேப்பை உரித்து, உருண்டையாகச் சுருட்டி, ஜான்சியின் செருப்பின் மேல் வைத்துவிட்டு மேலே போனாள். வேண்டுமென்றேதான் செருப்பில் வைத்தாள். ஜான்சிக்கு அதில் சந்தேகமே இல்லை.

மாமிக்கு அந்தத் தெருவில் பெரிய பெயர். அவள் போடும் சிக்குக் கோலம் ஒற்றை இழை, தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும் என்று எல்லாரும் சொல்வார்கள். எல்லாரையும்விட அதிகம் சொல்கிறவள் மாமிதான். மார்கழிக் கோலப்போட்டியில் நான்கு வருஷம் அதே கோலத்துக்கு முதல் பரிசு.

மார்கழி பிறந்ததும் கேட்டின் அகலத்துக்குப் பெரிதாக அந்தக் கோலம் விழுந்தது. காலை ஐந்தே முக்காலுக்குக் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுகிற ஜான்சி அதைத் தாண்டிப் போகும்போது ஒருநாள் நின்றாள். கறுத்த சிமெண்ட், அதில் வெள்ளைக் கோடு. கட்டளையில் ஒரே ஒரு வரியை மாற்றினால் வண்டி வெள்ளைக் கோட்டைப் பிடிக்கும். டேப்பும் வேண்டாம், டைல்ஸும் வேண்டாம்.

மாமியின் கோலத்தில் வண்டியை விட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் போனில் படம் எடுத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் மொட்டை மாடிக்குப் போய், பாசி பிடித்துக் கறுத்த தரையில், படத்தைப் பார்த்துப் புள்ளி புள்ளியாக அதே கோலத்தைச் சுண்ணாம்பில் வரைந்தாள்.

வண்டி ஓடியது. வளைவில் வளைந்து, கோடுகள் வெட்டும் இடத்தில் நேராகப் போய், தொடங்கிய இடத்துக்கு வந்து நின்றது. ஆனால் நடுவில் இருந்த பெரிய வளையத்தை அது குறுக்கே வெட்டிக் கடந்ததே தவிர, அதில் திரும்பவே இல்லை. மறுபடி விட்டாள். மறுபடியும் அப்படியே. சென்சாரை இறக்கினாள், வேகத்தைக் குறைத்தாள், அடுத்த ஞாயிறும் அதே கதை. நமக்கு இதெல்லாம் வராது என்று அழுகை முட்டியது. கடைசியில், எந்த இடத்தில் வண்டி தப்புகிறது என்று பார்க்கக் கோட்டின் மேல் விரலை வைத்து நகர்த்தினாள். விரலும் நடு வளையத்துக்குப் போகவில்லை.

வண்டி தப்பவே இல்லை. கோலத்தில் இருந்தது இரண்டு இழை. மாமி பாதியில் மாவு அள்ளக் கையைத் தூக்குவாள். திரும்பக் கையை வைக்கும் இடம் அடுத்த இழை. இத்தனை வருஷமாக அது மாமிக்கும் தெரியவில்லை, பரிசு கொடுத்தவர்களுக்கும் தெரியவில்லை.

ஜான்சி மொட்டை மாடியில் தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்புச் சத்தம் கேட்டு மாமி மேலே வந்தாள், பின்னாலேயே மாமாவும்.

"என் கோலம்டி இது! அதும்மேல வண்டியா ஓட்டறே? மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணு!"

"ஓட்டுனதாலதான் தெரிஞ்சுது மாமி. உங்க கோலம் ஒத்த இழை இல்ல. ரெண்டு."

மாமியின் முகம் சிவந்தது. "யாரு சொன்னா?"

ஜான்சி வண்டியைக் கோட்டில் வைத்தாள். அது நிதானமாகச் சுற்றி, நடு வளையத்தில் திரும்பாமல் வந்து நின்றது. மாமா கைத்தடி முனையால் கோட்டோடு கொஞ்ச தூரம் போய்ப் பார்த்து, சட்டென்று தடியை எடுத்துக்கொண்டார். மாமி படியிறங்கிப் போய்விட்டாள்.

சாயங்காலம் மாமா கீழே வந்தார். வாசலில் நின்றபடியே பேசினார்.

"மெஷின்தான் தப்புன்னு ஒரு வார்த்தை அவகிட்ட சொல்லிடும்மா. அந்தக் கோலம் போனா அவளுக்கு வேற ஒண்ணும் இல்லை. சொல்லிட்டா இங்கேயே இருக்கலாம்."

"நீங்களே பார்த்தீங்களே மாமா."

"பார்த்தேன். அதனாலதான் கேட்கறேன்."

ஏழு மாதம் தெருத்தெருவாக அலைந்தது ஜான்சிக்கு மறக்கவில்லை. தன் கையால் செய்த ஒரே பொருள், அதுவும் சரியாகச் செய்த பொருள், அதைத் தப்பு என்று தானே சொல்ல வேண்டும். மாடி ஏறினாள். "மெஷின்லதான் கோளாறு மாமி" என்றாள். சொன்ன வாயைக் கழுவ வேண்டும் போல இருந்தது.

"நான்தான் சொன்னேனே" என்றாள் மாமி. "தெரியாத விஷயத்துல தலையிடப்படாது. போ."

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு ஜான்சி கேட்டைத் திறந்தாள். அதே கோலம். தாண்டப் போனவள் நின்றுவிட்டாள். நடு வளையத்தின் ஓரத்தில், எப்போதும் வெட்டிக்கொள்ளும் இரண்டு கோடுகள் இன்று வெட்டிக்கொள்ளாமல் ஆளுக்கொரு பக்கம் வளைந்திருந்தன. ஒரே ஒரு இடம். விரலால் காற்றிலேயே தொடர்ந்து பார்த்தாள். நடு வளையத்துக்குள் போய், வெளியே வந்து, தொடங்கிய இடத்தில் முடிந்தது.

தெரிந்தேதான் மாமி திருத்தியிருக்கிறாள். உள்ளே போய் வண்டியை எடுத்து வந்து, மாமியின் கோலத்தில், மாமியின் மாவுக்கோட்டின் மேலேயே வைத்து, சுவிட்சைத் தட்டினாள். பஸ் போனால் போகட்டும்.

வண்டி கிளம்பியது. பின்பக்கத்தைத் தாங்கி உருளும் சின்னக் குண்டுச் சக்கரம் கோட்டைத் தேய்த்துக்கொண்டே போனது. பால் பாக்கெட் எடுக்க வந்த எதிர்வீட்டு ரோஹிணி அப்படியே நின்றாள். கேட்டுக்குள்ளிருந்து மாமி ஓடி வந்தாள். வண்டி நடு வளையத்துக்குள் நுழைவதை அவளும் பார்த்துக்கொண்டு நின்றாள். அது ஒரு வளைவைக்கூட விடாமல் முழுக் கோலத்தையும் சுற்றி முடித்து, தொடங்கிய இடத்தில் நின்றபோது, தரையில் இருந்தது வெறும் வெள்ளைத் தீற்றல்.

"மெஷின்ல கோளாறுன்னியே" என்றாள் மாமி.

"ஆமா மாமி. இன்னிக்கி சரியா ஓடுது பாருங்க." ஜான்சி வண்டியைக் கையில் எடுத்து மாவைத் தட்டினாள். "நான் எதையும் மாத்தல."

"மாசக் கடைசி" என்றாள் மாமி.

"தெரியும் மாமி."

உள்ளே போய் பிரிட்டோவை எழுப்பி, இன்றைக்கே வேறு வீடு தேட ஆரம்பிக்க வேண்டும் என்று சொன்னாள்.