அரணை முதுகில் வரி எண்ணிய ஞாயிற்றுக்கிழமை

அரணை முதுகை விரலால் தடவிப் பார்த்திருக்கிறீர்களா நண்பர்களே? அட, முகத்தைச் சுளிக்காதீர்கள்! பார்க்க எண்ணெய் பூசினது போல மின்னும். தொட்டால்தான் தெரியும்... செதிலுக்குச் செதில் மெல்லிய வரிகள் மேடு கட்டி ஓடும். விரல் நுனியில் லேசாகச் சொரசொரக்கும்.

அப்போது எம்.எஸ்சி. விலங்கியல் கடைசி வருஷம். ப்ராஜெக்ட்டுக்காகக் கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் காய்ந்த மட்டைகளைப் புரட்டி, இரண்டு அரணைகளை உயிரோடு பிடித்து வந்திருந்தேன். ஒன்று பெரிது, ஒன்று சிறிது. இரண்டும் வேறு வேறு இனம் என்று அடித்துச் சொன்னேன்.

கைடு மேடம் சிரித்தார். "ரெண்டும் ஒண்ணுதான் அம்மணி. சின்னது குட்டி. சந்தேகம்னா திங்கக்கிழமை ஃபார்மலின்ல போட்டு, மைக்ரோஸ்கோப்ல வெச்சுப் பாத்துருவோம்."

எனக்குத் திக்கென்றது. ஃபார்மலினில் போட்டால் இரண்டும் செத்துப்போகுமே!

"உயிரோடவே நிரூபிச்சுக் காட்டறேனுங்க மேடம்" என்று வீம்பாகச் சொல்லிவிட்டு, அரணைகளைப் போட்ட துணிப்பையோடு எங்கள் ஊர் கருமத்தம்பட்டிக்கு பஸ் ஏறிவிட்டேன்.

வித்தியாசம் அந்த வரிகளில்தான். பெரிய இனத்துக்கு, குட்டியானாலும் சரி, ஒரு செதிலில் பெரும்பாலும் மூன்று வரி. சின்ன இனத்துக்கு ஐந்து, ஏழு என்று போகும். ஆனால் நெளிகிற உயிரை மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைக்க முடியுமா? வெறும் கண்ணுக்கும் எட்டாது.

எங்கள் வீட்டில் விசைத்தறி. துணியில் ஒரு இஞ்சுக்கு எத்தனை இழை என்று எண்ண அப்பா ஒரு மடக்குக் கண்ணாடி வைத்திருப்பார். பிக் கிளாஸ் என்போம். பாவாடை கட்டின வயதிலிருந்தே நானும் அதில் இழை எண்ணிப் பழகியவள். ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது. அதை எடுத்துக்கொண்டு வாசல் வெயிலில் உட்கார்ந்தேன்.

ஒரு கையில் அரணை, இன்னொரு கையில் கண்ணாடி... இரண்டும் ஆடின. எண்ண எண்ண விட்டுப்போனது. அழுகையே வந்துவிட்டது.

அப்பா தோளில் துண்டோடு வந்து நின்றார். அரணை கடித்தால் ஆள் பிழைக்காது என்பதுதான் எங்கள் ஊர்க்காரர்கள் நம்பிக்கை. அப்பாவுக்கும் அதேதான்.

"கடிச்சாலும் விஷமில்லீங்கப்பா" என்றேன்.

"செரி கண்ணு, குடு."

துண்டில் சுற்றி, முதுகு மட்டும் வெளியே தெரியப் பிடித்துக்கொண்டார். கை அசையவே இல்லை. நிலைப்படியில் நின்று அம்மா, "ஏனுங்க, அவளுக்குத்தான் கிறுக்குன்னா உங்களுக்குமா?" என்று சத்தம் போட்டுக்கொண்டே இருந்தாள்.

பெரியதில் மூன்று. சின்னதில்... ஏழு! செதில் மாற்றிச் செதில் பார்த்தேன். எதிலும் ஐந்துக்குக் கீழே இறங்கவில்லை.

திங்கட்கிழமை நான் அதேபோல் துண்டில் பிடித்துக்கொள்ள, மேடம் பிக் கிளாஸை வைத்துத் தானே எண்ணினார். மறுபடியும் எண்ணினார். "குட்டி இல்ல அம்மணி, தனி இனந்தான். சாதிச்சுப்போட்ட, போ!" என்று முதுகில் தட்டினார். அன்று சாயங்காலமே இரண்டையும் தோப்பில் கொண்டுபோய் விட்டேன். மட்டைக்கடியில் சரசரவென்று ஓடியதைப் பார்த்தபோது எனக்கு வந்த கர்வம் இருக்கிறதே... அப்பப்பா!

இப்போது சரவணம்பட்டியில் ஒரு காலேஜில் பாடம் எடுக்கிறேன். பிள்ளைகள் போனில் ஒரு போட்டோ எடுக்கிறார்கள், அது உடனே பேரைச் சொல்லிவிடுகிறது. நல்லதுதான். ஒன்றையும் பிடிக்க வேண்டாம், கொல்ல வேண்டாம். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொள்ள ஆளும் வேண்டியதில்லை.

போன வாரம் அப்பாவிடம் கேட்டேன். "அன்னைக்கு விஷமில்லைன்னு நான் சொன்னத நம்பித்தானுங்களே பிடிச்சீங்க?"

"எங்க கண்ணு நம்புனேன்!" என்று சிரித்தார். "கையில வாங்கறதுக்கு முன்னால உங்கம்மாளைக் கடைசியா ஒருக்கா நல்லாப் பாத்துக்கிட்டேன்."