பால் பொங்காத வீடு

காஸ் லைன் மூடும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் மூடுவதற்குத்தான் பயப்படுகிறார்கள். எனக்குப் பயம் திரும்பத் திறப்பதில்.

ஹவுகெட்டோ என்ற புறநகரில் ஒரு குடியிருப்புக்கு நிலத்தடி டாங்கிலிருந்து புரொப்பேன் போய்க்கொண்டிருந்தது. அதை நிறுத்தி எல்லா வீட்டையும் மின்சாரத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். ஒரேயடியாக முடியாது. மெயின் வால்வை மூடி, மாறிவிட்ட கட்டடத்தின் லைனை வெட்டி அடைத்துவிட்டு, அடுத்த கட்டடத்துக்குத் திரும்பத் திறக்க வேண்டும். அதற்கு முன் அங்கே ஒவ்வொரு வீட்டிலும் அடுப்பு மூடியிருக்கிறதா என்று பார்ப்பது முறை.

அன்று ஒரு வீடு மட்டும் மிச்சம். மணி அடித்தும் யாரும் வரவில்லை. அது விற்றுப்போய்க் காலியாகக் கிடக்கிற வீடு, அடுப்பையும் கழற்றியாச்சு என்று எங்களுக்குத் தகவல். திறக்கலாம் என்றான் போர்மன் லார்ஸ். குளிரில் இருந்தவர்கள் போன் அடித்து ஏசிக்கொண்டிருந்தார்கள், அவனைக் குறை சொல்ல முடியாது.

திரும்பும்போதுதான் பார்த்தேன். வாசலில் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம். கதவிடுக்கால் சாம்பிராணி வாசம். புதுவீடு குடிபூரலென்றால் பால் காய்ச்சுவார்கள். மண்பானையை மின்சார அடுப்பில் வைக்க யாருக்கு மனம் வரும்? காலையில் பால் அடுப்பில் இருந்திருக்கக்கூடிய நேரத்தில்தானே நாங்கள் மெயினை மூடினோம். தீ அணைந்தும் குமிழ் திறந்தே கிடந்தால், மெயினைத் திறந்ததும் வீடு முழுக்கக் காஸ் நிரம்பும்.

லார்ஸிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் முகமும் மாறிவிட்டது. எத்தனை போன் வந்தாலும் வால்வில் கை வைப்பதில்லை என்று இருவரும் அங்கேயே நின்றோம்.

கடைசியில் ஒரு பெண் மின்சாரத் தட்டடுப்பும் சட்டியுமாகப் படியேறி வந்தாள். புது வீட்டுக்காரி. எங்கள் அறிவித்தல் அவளுக்குக் கிடைத்திருக்கவே இல்லை. கதவைத் திறந்ததும் குசினிக்கு ஓடினேன். பழைய காலத்து அடுப்பு, தீ அணைந்தால் தானாக மூடாது. மேலே பானையில் பாதி சூடேறி ஆறிய பால். நெருப்பு நின்றதும் அவள் குமிழை இரண்டு பக்கமும் திருகிப் பார்த்து, அப்படியே விட்டுவிட்டுத் தங்கை வீட்டில் தட்டடுப்பு வாங்கிவரப் போயிருக்கிறாள். குமிழ் முழுதாகத் திறந்து கிடந்தது. பக்கத்தில் சாமிப்படத்துக்கு முன்னால் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

குமிழை மூடினேன். அந்த வீட்டுக்குள் வரும் குழாயின் வால்வையும் அடைத்தேன்.

அவள் ஒன்றும் அறியாமல் கேட்டாள்: “அண்ணை, பால் இன்னும் பொங்கேல்லை. காஸ் எப்ப வரும்?”

“இந்த அடுப்பு ஆபத்து, இந்த வீட்டுக்கு இனி வராது தங்கச்சி,” என்றேன். “நீங்கள் அந்தத் தட்டிலை வையுங்கோ.”

பால் பொங்குமட்டும் நாங்கள் இருவரும் அங்கேயே நின்றோம். அதற்குப் பிறகுதான் லார்ஸ் கீழே போய் வால்வைத் திறந்தான். இன்றுவரை, கதவு திறக்காத ஒரு வீடு இருந்தால் நான் வால்வைத் திறப்பதில்லை.